மலையடியில் வெட்டிய கோடு

அந்தச் செய்தி என் போனுக்கு வந்தபோது நானும் வாட்சர் அண்ணனும் மலையடிவாரத்தில் சாய்ந்து கிடந்த ஓர் எல்லைக்கல்லை நிமிர்த்தி நட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் கடப்பாரையைப் பிடித்திருந்தார். நான் கல்லின் அடியில் மண்ணைத் தள்ளி மிதித்துக்கொண்டிருந்தேன். ரேஞ்சர் ஆபீசிலிருந்து வந்த இரண்டு வரிச் செய்தி அது. தற்காலிக வாட்சர்கள் எல்லாரும் இந்த மாதக் கடைசியோடு நிறுத்தப்படுகிறார்கள், அந்தந்தப் பீட்டைப் பார்க்கும் கார்டுகள் அவர்களுக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்று இருந்தது.

நான் வனக் காப்பாளர். பேச்சில் எல்லோரும் கார்டு என்றே சொல்வார்கள். வாடிப்பட்டியைத் தாண்டி, கரும்புக்கும் தென்னைக்கும் நடுவே எழும்பி நிற்கிற ஒரு மலையின் தெற்குச் சரிவு என் பொறுப்பில் இருந்தது. அதற்குத்தான் பீட் என்று பெயர். உசிலையும் வேலமும் வெப்பாலையும் நிறைந்த வறண்ட காடு. புலி கிடையாது, யானை கிடையாது. பார்க்க வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மிளா உண்டு, முள்ளம்பன்றி உண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு கிளையோடு ஒட்டியிருக்கும் தேவாங்கு உண்டு. இந்தச் சரிவில் பெய்கிற மழைதான் கீழே இருக்கிற கண்மாய்க்கு வருகிறது. அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ள எனக்கு இரண்டு வாட்சர்கள் இருந்தார்கள். இளையவர் அந்த மாதமே திருப்பூருக்குப் போய்விட்டார். மூத்தவர்தான் கடப்பாரையோடு என் முன்னால் நின்றவர்.

செய்தியை அவரிடம் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது என்று என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“சரி மேடம்,” என்றார். “இந்தக் கல்லை நட்டுட்டுப் போயிருவோம். பாதியில விட வேணாம்.”

நட்டோம். அவர் ஈர மண்ணைக் காலால் கெட்டிப்படுத்தி, இரண்டு முறை கல்லை ஆட்டிப் பார்த்தார். பிறகு விசிலையும் டார்ச்சையும் என் கையில் கொடுத்தார். பதினைந்து வருஷத்துக்கும் மேலாக அந்தச் சரிவில் நடந்த மனிதர்.

“ஒத்தையில மேல ஏறாதீக மேடம்,” என்றார். “போறதா இருந்தா எனக்கு ஒரு போனப் போடுங்க. எங்க இருந்தாலும் வாரேன்.”

சொல்லுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் அவருக்கு மதுரை கே.கே. நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. நீலச் சட்டை, தொப்பி, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

மலையின் வடக்குச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்த கார்டு அதே சமயத்தில் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. கூடுதல் பொறுப்பு என்று எழுதி அந்தப் பீட்டையும் என்னிடம் கொடுத்தார்கள். நான்கு பேர் பார்த்த மலையை இனி நான் மட்டும் பார்க்க வேண்டும். விளாங்குடியில் இருந்து காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினால் ஒரு நாளைக்கு ஒரு சரிவுதான் முடியும். தெற்கே நான் நடக்கும் நாளில் வடக்கே யாரும் இல்லை.

ஆளில்லாத இடத்தைக் கண்டுபிடிக்க மனுஷனுக்கு அதிக நாள் பிடிப்பதில்லை. முதலில் நாற்கரச் சாலைப் பக்கம் கோழிக்கடைக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பிறகு இடித்த வீட்டுக் கற்கள், உடைந்த டைல்ஸ். வடக்கில் வளர்ந்த வேலமரங்கள் சில அடியோடு போயிருந்தன. வெட்டிய கட்டைகளின் முகம் இன்னும் ஈரமாக இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வண்டித் தடம் மட்டும்தான் மிச்சம். வழக்கு எழுதினேன். யார் மேல் என்று எழுதுவதற்கு ஆள் இல்லாத வழக்கு.

எனக்குப் பெரிய பயம் அதுவல்ல. தை பிறந்தால் நாங்கள் மலையைச் சுற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவோம். காய்ந்த புல்லையும் சருகையும் புதரையும் ஒரு லாரி போகிற அகலத்துக்குச் செதுக்கி, வெறும் மண் தெரியும்படி விட்டுவிட வேண்டும். கோடையில் தீ வந்தால் அந்த மண்ணில் தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும். வாட்சர்கள் இருவரும் கூலிக்கு ஆள் பிடித்து மாசி முடிவதற்குள் அதை முடித்துவிடுவார்கள். அந்த வருஷம் வாட்சரும் இல்லை, கூலிக்கு ஒதுக்கீடும் வரவில்லை.

ரேஞ்சரிடம் போனேன். நல்ல மனிதர். அவரே இரண்டு ரேஞ்சைப் பார்த்துக்கொண்டு, தூக்கமில்லாத கண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

“மேல கேட்டிருக்கேன்மா. ஆள் இல்ல, காசும் இல்லன்னுதான் பதில் வருது. உன்னால முடிஞ்ச வரைக்கும் பாரு.”

“முடிஞ்ச வரைக்கும்னா எம்புட்டு சார்? அரைக் கோடு வெட்டுனா தீ பாதியிலயா நிக்கும்?”

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “என்ன செய்யலாம்னு நீயே சொல்லு, நான் கையெழுத்துப் போடுறேன்,” என்றார்.

வெளியே வந்து ஸ்கூட்டரில் சாவியைப் போட்டபோதே எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. போகத்தான் கால் கூசியது.

மலையடிவாரத்து ஊரில் ஓர் அக்கா ஆடு வளர்க்கிறார். ஊரில் யாருக்குப் பேச்சு வேண்டுமென்றாலும் அவர் வாசலுக்குத்தான் வருவார்கள். புருஷன் இறந்த பிறகு அந்த ஆடுகளை வைத்தே இரண்டு பெண்களைக் கரையேற்றியவர். அதற்கு முந்தைய வருஷம் கன்று நட்ட பகுதிக்குள் அவர் ஆடுகளைப் பிடித்து நான்தான் அபராதம் போட்டிருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. புதுக் கன்றுகளை ஆடு கடித்தால் பிறகு அந்த இடத்தில் மரமே வராது. ஆனாலும் அவர் வாசலில் போய் நிற்பது சுலபமாக இல்லை.

நான் போனபோது ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைக்கவில்லை.

“என்ன ஆபீசரம்மா, இந்தப் பக்கம்? ஆடெல்லாம் கட்டித்தானே கெடக்கு.”

“ஆட்டுக்காக வரலக்கா. ஒரு உதவி கேட்டு வந்தேன்.”

விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார்.

“எங்கள உள்ள வராதன்னு சொன்ன காட்டுக்கு இப்ப எங்களையே கூப்பிடுறீக.”

“ஆமாக்கா. கன்னு நட்ட எடத்துக்கு இப்பவும் வராதீங்கன்னுதான் சொல்வேன். ஆனா தீ வந்தா கன்னும் போயிரும், உங்க கண்மாய்க்கு வர்ற தண்ணியும் போயிரும். எனக்கு ஆள் இல்ல. இருந்த ஆளையும் எடுத்துட்டாங்க. ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியல.”

வாளியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார். உள்ளே போனார். இனி வெளியே வரமாட்டார் என்று நினைத்துக் கிளம்பப் போனேன். ஒரு செம்பு மோரோடு வந்தார்.

“கூலி இல்லைங்கிறீக. சரி, அந்தக் கோட்டுல வெட்டுற புல்லு யாருக்கு?”

நான் அதை யோசித்தே பார்க்கவில்லை. வழக்கமாக ஒதுக்கிப் போட்டு, பாதுகாப்பாக எரித்துவிடுவோம்.

“அம்புட்டுப் புல்லையும் நாங்க கட்டித் தூக்கிட்டுப் போவோம். மாட்டுக்கு ஆகும், கூரைக்கும் ஆகும். அதுக்கு உங்க ஆபீசுல கேசு போடக் கூடாது. அதை மட்டும் எழுதி வாங்கிட்டு வாங்க. நாங்க வாரோம்.”

அங்கேயே நின்று ரேஞ்சருக்குப் போன் போட்டேன். எரிக்க வேண்டிய புல்லை எடுத்துப் போனால் நமக்கு வேலை மிச்சம் என்று சொல்லி, அன்று மாலையே அனுமதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுவாரம் விடியும்போது மலையடியில் நான் எதிர்பார்த்தது ஒரு ஏழெட்டுப் பேரை. ஊரில் பாதிப் பெண்கள் அரிவாளோடும் மண்வெட்டியோடும் நின்றார்கள். அந்த அக்கா ஏற்கெனவே யார் முன்னால் அறுப்பது, யார் பின்னால் செதுக்குவது என்று பிரித்துவிட்டிருந்தார். நான் கோடு போக வேண்டிய வழியைக் காட்டிக்கொண்டு முன்னே நடந்தேன். அவர்கள் வேகத்துக்கு வழி காட்டுவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. வெயில் ஏறுவதற்குள் தலையில் புல்கட்டோடு வரிசையாக இறங்கிப் போவார்கள். மறுநாள் விடியலில் திரும்ப வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாட்சர் அண்ணன் வந்தார். நான் போன் பண்ணவில்லை. ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரவு டூட்டி முடிந்து கே.கே. நகரில் இருந்து நேரே வந்திருந்தார். மேற்கு மூலையில் பாறைக்கும் ஓடைக்கும் நடுவே கோட்டை எப்படிக் கொண்டுபோவது என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். இருவரும் உட்கார்ந்து, மண்ணில் குச்சியால் கீறிப் பார்த்து, ஓடையையே கோடாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அவர் சருகை வாரினார், நான் புதரை வெட்டினேன். என் வீட்டுக்காரர் விளாங்குடியில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். அவரும் அன்று கடையைச் சாத்திவிட்டு வந்து கை கொப்பளிக்க வெட்டினார். மாசி முடியும்போது தெற்குச் சரிவின் அடியைச் சுற்றியும், இரண்டு சரிவுகளும் சேரும் முகட்டிலும் செம்மண் கோடு ஓடியது. வடக்குச் சரிவுக்கு எங்களால் போக முடியவில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் எனக்கு யாரையும் தெரியாது. பழகுவதற்கு நேரமும் இருக்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள், உச்சி வெயில் நேரம், நாற்கரச் சாலையில் வந்துகொண்டிருந்த நான் மலைக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று எழுவதைப் பார்த்தேன். மேகம் என்று நினைக்க ஆசையாக இருந்தது. அடியில் பழுப்பு நிறம் தெரிந்ததும் வண்டியை நிறுத்தி ரேஞ்சருக்குச் சொன்னேன். தீயணைப்பு வண்டிக்குச் சொன்னேன். பிறகு அந்த அக்காவுக்கு.

“பாத்துட்டோம்,” என்றார். “சாக்க நனைச்சுக்கிட்டு இருக்கோம். நீங்க வாங்க.”

தீ வடக்கில் பிடித்திருந்தது. எப்படிப் பிடித்தது என்று கடைசிவரை தெரியவில்லை. தீயணைப்பு வண்டி மலையடி வரைக்கும்தான் வரும், அதற்கு மேல் பாதை இல்லை. நானும் அக்காவும் ஊர்ப் பெண்களும் ஈரச் சாக்குகளோடு முகட்டுக் கோட்டுக்கு ஏறி முடித்தபோது வடக்குச் சரிவு முழுக்கப் புகையாக இருந்தது. உசிலைக் கிளைகள் வெடிக்கிற சத்தம் பட்டாசுக் கட்டு போலத் தொடர்ந்து கேட்டது. காற்று எங்களைப் பார்த்து வீசியது. கோடு அகலம்தான். ஆனால் அந்தக் காற்றில் பொறி அதைத் தாண்டி விழும் என்று எனக்குத் தெரிந்தது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். கோட்டின் அந்தப் பக்க ஓரத்தில் நாமே தீ வைத்து, வருகிற தீயை நோக்கி எரியவிட வேண்டும். இரண்டும் சந்திக்கும்போது எரிய எதுவும் மிஞ்சாது. சரியாகச் செய்தால் காடு பிழைக்கும். தவறினால் அந்தப் பெண்கள் எல்லாரும் தீக்கு நடுவில். ரேஞ்சர் இன்னொரு தீயை அணைத்துக்கொண்டு அறுபது கிலோமீட்டர் தள்ளி நின்றார். போனில் அவர் குரல் விட்டுவிட்டு வந்தது.

“நீதான் அங்க நிக்கிற. நீ என்ன முடிவு எடுத்தாலும் நான் பொறுப்பு.”

அப்போது கீழே பைக் சத்தம் கேட்டது. அந்த வாரம் பகல் டூட்டியில் இருந்த வாட்சர் அண்ணன், ஊரிலிருந்து போன் வந்ததும் அப்படியே கிளம்பி, நீலச் சட்டையும் பெல்ட்டுமாக ஏறி வந்தார். தொப்பியைக் கழற்றிப் பாறை மேல் வைத்தார்.

“எதிர்த்தீ வைக்கலாம்னு இருக்கேன்ணே,” என்றேன்.

அவர் காற்றைப் பார்த்தார். “வைங்க. கிழக்குக் கோடியில நான் நிக்கிறேன்.”

பெண்களைக் கோட்டின் நெடுகிலும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிறுத்தினேன். எல்லாரும் தென்பக்கம் முகத்தைத் திருப்பி நிற்க வேண்டும், விழுகிற பொறியை மட்டும் பார்க்க வேண்டும், தீயைப் பார்க்கக் கூடாது, நான் விசில் ஊதினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடைக்கு ஓட வேண்டும். சொன்னதை அந்த அக்கா திருப்பி ஒரு முறை உரக்கச் சொன்னார். நான் குனிந்து தீ வைத்தேன். கோட்டின் நீளத்துக்கும் நானே வைத்துக்கொண்டு போனேன். அதை இப்போது எழுதும்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

முதுகுக்குப் பின்னால் இரண்டு தீயும் சேர்ந்தபோது ஓர் இழுப்புச் சத்தம் வந்தது. என் புருவ முடி பொசுங்குகிற வாடையை நானே உணர்ந்தேன். பொறிகள் விழுந்தன. அவற்றின் மேல் ஈரச் சாக்கு விழுந்தது. தழைக்கொத்து விழுந்தது. “இங்க ஒண்ணு”, “இந்தா அமுத்தியாச்சு” என்று குரல்கள் கோட்டின் நெடுகிலும் போய் வந்தன. யாரும் ஓடவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் தீ கோட்டின் மறுபக்கம் முழங்கால் உயரத்துக்கு இறங்கி, கணுக்கால் உயரத்துக்கு இறங்கி, நின்றுவிட்டது.

கீழே இறங்கியபோது நாற்கரச் சாலையில் தர்ப்பூசணி விற்கிறவர் தன் தள்ளுவண்டியை மலையடி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். வெட்டி வெட்டிக் கையில் கொடுத்தார். கரி படிந்த முகங்களோடு வாய் வழியச் சாப்பிட்டோம். வாட்சர் அண்ணன் போனில் குடியிருப்புச் சங்கத்தாரிடம் “அவசரம் சார், வீட்டு வேலை சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அக்கா அதைக் கேட்டுவிட்டு, “ஆமா, வீட்டு வேலைதான்,” என்றார்.

மறுநாள் நான் தனியாக வடக்குச் சரிவில் நடந்தேன். சாம்பல் பூட்சுக்கு மேல் ஏறியது. ஓர் ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்தபடியே வெந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நின்றபோது முந்தைய நாள் சந்தோஷம் முழுக்க வற்றிப்போயிற்று. ஒரு மலைதான். ஒரே காற்று, ஒரே வெயில். ஒரு சரிவில் ஆள் இருந்தது, ஒரு சரிவில் இல்லை.

அதைத்தான் சில நாள் கழித்து நடந்த கூட்டத்தில் சொல்லும்படி ஆயிற்று. பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். எல்லார் முன்னாலும் என்னை எழுப்பி நிறுத்திப் பாராட்டினார். சால்வை போர்த்தினார்கள். பிறகு அவர் சொன்னார்:

“பாத்தீங்களா, மக்கள் கூட இருந்தா ஆள் எண்ணிக்கை ஒரு பிரச்சினையே இல்ல. இதை எல்லா ரேஞ்சுக்கும் உதாரணமாச் சொல்லணும்.”

கை தட்டினார்கள். நான் உட்காரவில்லை.

“ஐயா, ஒண்ணு சொல்லலாங்களா?”

சொல்லுங்கள் என்று தலையசைத்தார். ரேஞ்சர் என்னைப் பார்த்தார். தடுக்கவில்லை.

“அந்த மக்கள் வாசல்ல போய் நின்னு பேசுனது ஒரு ஆளுங்கய்யா. சம்பளம் வாங்குற ஆளு. எதிர்த்தீ வைக்கும்போது கிழக்க நின்னது, நாம வேலையை விட்டு நிறுத்துன ஆளு. வடக்குப் பக்கத்துலயும் ஊர் இருக்கு, மக்கள் இருக்காங்க. அவங்ககிட்டப் போய்ப் பேச ஆள் இல்ல. அந்தச் சரிவு இப்பக் கரியாக் கெடக்கு. ஆள் இல்லாமயே நடந்துச்சுன்னு மட்டும் எழுதிராதீங்கய்யா. அது உண்மை இல்ல.”

அதிகாரி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவைத் திறந்தார். “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்.

“ரெண்டு வாட்சர் வேணும். வடக்குப் பீட்டுக்கு ஒரு கார்டு வேணும்.”

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் மாமியார் ஓய்வு பெற்ற டீச்சர். சர்ச்சில் யாராவது கேட்டால் “மருமக கவர்மென்ட் உத்தியோகம்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். காக்கி உடுப்பும் காடும் அவருக்குக் கௌரவமாகப் படவில்லை. அன்று சால்வையைக் கையில் வாங்கவே இல்லை. “அப்படியே நின்னு கேட்டியா?” என்று இரண்டு முறை கேட்டார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஐந்தாறு பேர் நடுவில் நின்று, எதிர்த்தீ என்றால் என்ன என்று அவர் விளக்கிக்கொண்டிருந்ததை நான் தள்ளி நின்று கேட்டேன். பாதி தப்பாகத்தான் சொன்னார். நான் திருத்தவில்லை.

ஆனி மாதம் உத்தரவு வந்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. வடக்குப் பீட்டுக்கான கார்டு இடம் இந்த நிமிஷம் வரைக்கும் காலிதான். ஆனால் மலைக்கு இரண்டு வாட்சர் இடங்கள் திரும்ப வந்தன. முதல் போன் அண்ணனுக்குத்தான் போட்டேன். வாடகைக் கார்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டே பேசினார்.

“எப்ப வரணும் மேடம்?”

“யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. அடுத்த வருஷம் திரும்பவும் நிறுத்திட்டாங்கன்னா?”

“நிறுத்துனா அப்பப் பாத்துக்கிருவோம். நாளைக்கு வாரேன்.”

இரண்டாவது இடத்துக்கு அந்த அக்காவின் பெயரை நான் எழுதியபோது, பெண்ணா, அதுவும் ஆட்டுக்காரரா என்று ஆபீசில் கேட்டார்கள். ரேஞ்சர் கையெழுத்துப் போட்டார். இப்போது அவர் சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நடக்கிறார். ஆடுகளை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த மகள் பார்த்துக்கொள்கிறாள். வந்த முதல் மாதத்திலேயே வடக்குப் பக்கத்து ஊரில் தன் தூரத்துச் சொந்தம் ஒருத்தி இருப்பதாகக் கண்டுபிடித்து, என்னையும் அழைத்துப் போய் அந்த வீட்டில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார். சாப்பாட்டுக்கு நடுவே பேச்சை மெல்லத் தீயின் பக்கம் திருப்பினார். தை மாதம் அந்த ஊரிலிருந்தும் ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு எரிந்த சரிவில் வேர்க்கட்டைகளில் இருந்து உசிலை துளிர்த்திருந்தது. விரல் நீளத்துக்குத் தளிர்கள். அதைப் பார்க்க நாங்கள் மூவரும் ஒரு காலையில் ஏறுவதாக இருந்தோம். விளாங்குடி ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நான் போய்ச் சேர நேரமாகிவிட்டது. இருவரும் மலையடியில் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள்.

“என்ன மேடம் இம்புட்டு நேரம்?” என்றார் அக்கா. “வெயில் ஏறுறதுக்குள்ள வடக்க முடிக்கணும்ல. வண்டிய ஓரங்கட்டிட்டு வாங்க.”

நான் வண்டியை நிறுத்திவிட்டு அவர்கள் பின்னால் மலை ஏறினேன்.